அவிநாசி ரோடு புதுப் பாலத்தில் மூணு மாசம் வண்டி ஓட்டிய பிறகு

நான் கோயம்புத்தூருக்குக் கிழக்கே இருக்கிற நீலாம்பூர்க்காரன், வேலை ஊருக்குள் ரேஸ்கோர்ஸ் பக்கம். காலையில் ஊருக்குள் போய்ப் பொழுதோட திரும்புகிற ஆள். அவிநாசி ரோட்டின் மேலே கட்டியிருக்கிற இந்த 10.1 கிலோமீட்டர் பாலத்தை எனக்காகவே கட்டினார்களோ என்று தோன்றும், நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஏறினேன். பீளமேட்டில் குடியிருக்கிற என் சகலை இதே பாலத்தைப் பற்றி எழுதினால் வேறு மாதிரிதான் எழுதுவார். அவருக்கு அது வீட்டு வாசலுக்கு எதிரே வந்த ஒரு கூரை, அவ்வளவுதான். அதனால் நான் சொல்வதில் நீலாம்பூர்க்காரன் புத்தி கொஞ்சம் இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

தெரியாதவர்களுக்காக: உப்பிலிபாளையத்தில் தொடங்கிக் கோல்டுவின்ஸில் முடிகிறது. நாலு வழி. 2020இல் ஆரம்பித்த வேலை, 2025 அக்டோபர் 9 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் திறந்து வைத்தார், எங்கள் ஊர் விஞ்ஞானி ஜி.டி. நாயுடு பேரை வைத்தார்கள். தமிழ்நாட்டிலேயே நீளமான மேம்பாலம் என்று அறிவிப்பு. செலவு 1,791 கோடி ரூபாய், வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 177 கோடி சொச்சம் வருகிறது. சுங்கம் கிடையாது. கணியூர் டோலில் பழகிப்போன எங்களுக்கு ஒரு ரூபாய் கொடுக்காமல் இவ்வளவு நல்ல ரோட்டில் போவது முதல் வாரம் ஏதோ திருட்டுத்தனம் மாதிரியே இருந்தது.

மேலே ஓட்டுவதைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அஞ்சு வருஷம் தகரத் தடுப்புக்கும் கான்கிரீட் கட்டைக்கும் நடுவில் முதல் கியரிலேயே ஊர்ந்தவன் நான். லட்சுமி மில்ஸிலிருந்து சித்ரா வரைக்கும் எந்தக் குழி எங்கே என்று மனப்பாடமாகச் சொல்வேன். இப்போது காலை ஏழு மணிக்குக் கோல்டுவின்ஸில் ஏறினால் நாலாவது கியரைப் போட்டுவிட்டு மறந்துவிடலாம். சிக்னல் இல்லை, குறுக்கே மாடு இல்லை, ராங் சைடில் வருகிற மொபெட் இல்லை. ஹோப் காலேஜில் ரயில் பாதையைத் தாண்டுவதுகூடத் தெரியாமல் போய்விடுகிறது. ஜாயின்ட் வருகிற இடத்தில் சக்கரத்தில் லேசாக ஒரு தட்டு, என் பழைய வேகன் ஆரிலேயே அது பெரிதாகத் தெரியவில்லை. வானம் தெளிந்த நாளில் எதிரே மேற்கு மலை அப்படியே நிற்கும். இத்தனை வருஷமாக இதே ரோட்டில் போயும் நான் பார்த்தது முன்னால் போகிற பஸ்ஸின் பின்பக்கத்தை மட்டும்தான்.

இன்னொரு விஷயம், யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இந்த ரோடு கிட்டத்தட்டக் கிழக்கு மேற்காகப் போகிறது. நீலாம்பூரிலிருந்து வேலைக்குப் போகிறவனுக்குக் காலை வெயிலும் முதுகில், சாயங்கால வெயிலும் முதுகில். ஊருக்குள் வீடு இருந்து அரசூர், கருமத்தம்பட்டிப் பக்கம் மில்லுக்கும் கம்பெனிக்கும் வருகிறவர்களுக்கு ரெண்டு நேரமும் கண்ணில். கீழே மரமோ கட்டடமோ கொஞ்சம் மறைக்கும், மேலே ஒன்றும் கிடையாது. அந்தத் திசையில் ஓட்டுகிறவர்கள் கூலிங் கிளாஸ் ஒன்றை வண்டியிலேயே போட்டு வைத்துக்கொள்ளுங்கள், முன்கண்ணாடியையும் துடைத்து வையுங்கள். அழுக்குக் கண்ணாடியில் எதிர்வெயில் விழுந்தால் முன்னால் போகிற வண்டி பிரேக் போட்டதே தெரியாது.

சரி, இப்போது வேகம். மேலே ஏறியதும் எல்லோருக்கும் ஏதோ ஒன்று பிடித்துக்கொள்கிறது. பின்னாலேயே வந்து லைட் அடித்து, இடது பக்கமாக ஏறிப் போய், மறுபடி வலது பக்கம் வந்து, என்ன அவசரமோ. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10.1 கிலோமீட்டரை 60இல் போனால் பத்து நிமிஷம், 80இல் போனால் ஏழரை நிமிஷம். உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதிப்பது ரெண்டரை நிமிஷம். அந்த ரெண்டரையையும் இறங்குகிற இடத்தில் நின்று திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். என்னை விரட்டி முந்திப் போன வண்டியை நான் கோல்டுவின்ஸில் பக்கத்திலேயே பார்க்காத நாள் குறைவு. ஒரு தடவை கண்ணாடியை இறக்கி வணக்கம் வைத்தேன், அந்தத் தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பாலத்துக்கு மார்க் போட வேண்டும் என்றால் மேலே இருக்கிற பத்து கிலோமீட்டருக்குப் போடக் கூடாது என்பதுதான் மூணு மாசத்தில் நான் வந்து சேர்ந்த இடம். ஏறுகிற இடமும் இறங்குகிற இடமும்தான் பாலம். நடுவில் இருப்பது வெறும் நல்ல ரோடு.

கோல்டுவின்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறரை மணி. மேலிருந்து வருகிறவன் 70, 80இல் வருகிறான், பத்து நிமிஷமாக பிரேக்கைத் தொடாத கால் அவனுடையது. கீழிருந்து வருகிறவன் 20, 30இல் வருகிறான், நிறுத்தத்தில் நின்ற டவுன் பஸ், கடைக்கு ஒதுங்குகிற பைக், லோடு ஏற்றிய டெம்போ. ரெண்டும் ஒரே இடத்தில் கலக்கின்றன. மேலே வருகிறவனுக்கு இது இறக்கம் வேறு. பாலத்தில் பழகின வேகம் நமக்கு வேகமாகவே தெரியாது, 60 என்று நினைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தால் 75இல் நிற்கும், அதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். திறந்த சில நாளிலேயே கோல்டுவின்ஸ் பக்கம் நடந்த கார் விபத்தில் உயிர் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நான் செய்வது இதுதான்: இறக்கம் தொடங்குவதற்கு நல்ல தூரம் முன்பே இடது ஓரம் வந்து, காலை எடுத்து, மூணாவது கியருக்கு வந்துவிடுவேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

அங்கிருந்து நீலாம்பூர் வரைக்கும் பழைய கதைதான். சின்னியம்பாளையம், தொட்டிபாளையம் பிரிவு என்று ஒவ்வொன்றாக வரும். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு, எங்கள் பக்கம் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் ஒரு ரோடு பிரிந்து போனால் அந்த இடத்துக்கே பிரிவு என்றுதான் பேர், பஸ்ஸில் கண்டக்டரும் அப்படித்தான் கூவுவார். ஒவ்வொரு பிரிவிலும் யாராவது ரோட்டைக் குறுக்கே கடப்பார்கள், எவ்வளவு பெரிய ரோடு போட்டாலும் தோட்டத்துக்குப் போக வேண்டியவர் போய்த்தானே ஆக வேண்டும். மேலே பத்து நிமிஷத்தில் வந்தவன் இந்த நாலைந்து கிலோமீட்டருக்குச் சில நாள் பதினஞ்சு நிமிஷம் எடுத்துக்கொள்கிறேன். கேரளா போகிற லாரிகள் நீலாம்பூரில் பைபாஸுக்குத் திரும்புகின்றன, அதுவும் சேர்ந்துகொள்ளும். பாலத்தை நீலாம்பூர் வரை நீட்டும் பேச்சு இருக்கிறது. நீட்டினால் நல்லதுதான், ஆனால் அப்போது இந்தக் கலக்கிற தொல்லை நீலாம்பூருக்கு இடம் மாறுமே ஒழிய இல்லாமல் போகாது. என் வீட்டு வாசலுக்கு வந்துவிடும், சொல்லப்போனால்.

உப்பிலிபாளையம் முனை வேறு விதம். அங்கே ஆபத்து குறைவு, எரிச்சல் அதிகம். காலை ஒன்பது மணிக்கு மேலிருந்து கும்பலாக வந்து இறங்குகிறோம், கீழே அண்ணா சிலைப் பக்கமிருந்து வருகிற கும்பலும் அதே சிக்னலுக்குத்தான் வருகிறது. முன்பு இந்தக் கூட்டம் ஏழெட்டு இடத்தில் பிரிந்து நின்றுகொண்டிருந்தது, இப்போது ஒரே இடத்தில் நிற்கிறது. மழை பெய்தால் இன்னும் மோசம், பழைய அவிநாசி ரோடு பாலத்துக்கு அடியில் தண்ணி தேங்குகிற கதை ஊருக்கே தெரியும். புதுப் பாலத்தில் பறந்து வந்து பழைய பாலத்துக் குட்டையைப் பார்த்து நிற்போம்.

நடுவில் ஏறி இறங்குவதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதில்தான் மாட்டினேன். அண்ணா சிலை, நவஇந்தியா, ஹோப் காலேஜ், விமான நிலையம் என்று நாலு இடத்தில் இணைப்புச் சாய்தளம் வைத்திருக்கிறார்கள். எது ஏற, எது இறங்க, எந்தத் திசைக்கு என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஏறினால்தான் உண்டு. மேலே ஏறின பிறகு யோசிக்க நேரம் கிடையாது, திரும்பவும் முடியாது.

நவம்பரில் ஒரு நாள் அப்புச்சியை, அதாவது அம்மாவின் அப்பாவை, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சூலூர்ப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறவர், கண் பரிசோதனைக்காக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். ஒன்பது மணிக்கு டோக்கன். புதுப் பாலத்தைக் காட்டலாமே என்று கோல்டுவின்ஸில் ஏற்றினேன். அவருக்கு வெகு சந்தோஷம். ஜி.டி. நாயுடு 1893இல் பிறந்த கலங்கல் அவர் ஊருக்குப் பக்கம்தான், அதனால் பாலமே தன் வகையறா சொத்து மாதிரி பேசிக்கொண்டு வந்தார். நானும் பேச்சில் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "ஏஞ் சாமி, அந்தா ஆஸ்பத்திரி போவுது பாரு" என்றார். ரெண்டாவது மாடி உயரத்தில், போர்டு கண்ணுக்கு நேராக, ஆஸ்பத்திரி போய்க்கொண்டுதான் இருந்தது.

உப்பிலிபாளையம் வரை போய் இறங்கி, சிக்னலில் நின்று, கீழ் ரோட்டைப் பிடித்துத் திரும்பி வந்தோம். கீழே நேராக வந்துவிட முடியுமா? நம் ஊரில் சிக்னலை எடுத்துவிட்டு யூ டர்ன் வைத்திருக்கிறார்கள் அல்லவா, வலது பக்கம் போக வேண்டியவன் முதலில் இடது பக்கம் போய், தள்ளிப் போய்த் திரும்பி வர வேண்டும். யூ டர்னை நான் குறை சொல்ல மாட்டேன், சிக்னலில் மூணு சுற்று நின்றதற்கு இது தேவலை. ஆனால் பாலத்துத் தூண்கள் வந்த பிறகு அது கொஞ்சம் பயமாகிவிட்டது. தூண் நடு மீடியனில் நிற்கிறது, நாம் ரெண்டு தூணுக்கு நடுவில் மூக்கை நீட்டித் திரும்புகிறோம், எதிர்த் திசையில் வருகிற பைக் தூண் மறைவில் இருக்கும். மூக்கு முழுசாக வெளியே வந்த பிறகுதான் அவன் நமக்குத் தெரிவான், நாமும் அவனுக்குத் தெரிவோம். அன்றைக்கு ஒரு காலேஜ் பையன் என் பம்பரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினான். திட்டக்கூட இல்லை, "பாத்து வாங்கண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான், அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குள் போகும்போது மணி 9.40. டோக்கன் கடைசிக்குப் போய்விட்டது. அப்புச்சி ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தவரிடம் மட்டும் "பேரன் பாலத்துல கூட்டிட்டு வந்தானுங்க, அதான் நேரமாயிடுச்சு" என்றார்.

போனில் மேப்பை நம்பலாமே என்பீர்கள். மேப்புக்கு நாம் மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்பதில் குழப்பம் வரும். ஒன்றுக்கு மேல் ஒன்றாக ரெண்டு ரோடு, புள்ளி ரெண்டுக்கும் ஒரே இடத்தில்தான். எனக்கு ஒரு தடவை பாலத்துக்கு மேலே போகும்போது "வலது பக்கம் யூ டர்ன் எடுக்கவும்" என்றது. எடுத்திருந்தால் நேராக லட்சுமி மில்ஸ் வளாகத்தில் இறங்கியிருப்பேன்.

பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பேரை வைத்ததைப் பற்றி நடந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. எனக்கு வேறு ஒன்றுதான் வேடிக்கை. அந்த மனுஷர் 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஒரே ஒரு பஸ்ஸை விட்டுத் தொழிலை ஆரம்பித்தவர், அப்புறம் அது யூ.எம்.எஸ். என்று பெரிய கம்பெனியாக வளர்ந்தது. பஸ்ஸைப் பார்த்து மணி சொல்லலாம் என்று அந்தக் காலத்தில் பேசிக்கொள்வார்களாம், அப்புச்சி தன் அப்பன் சொன்னதாகச் சொல்வார். நாயுடு பேரில் இருக்கிற பாலத்தில் காரில் போகிறவனுக்குத்தான் லாபம். நிறுத்தத்தில் நிற்க வேண்டிய பஸ் கீழேதான் போயாக வேண்டும், நிறுத்தமெல்லாம் கீழேதானே இருக்கிறது. காலேஜ் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், மில் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாம் கீழேதான். மேலே கார் போய்விட்டதால் கீழே நெரிசல் குறைந்திருப்பது உண்மை, சகலையே ஒத்துக்கொள்கிறார். பஸ்ஸுக்கும் அதனால் கொஞ்சம் வழி கிடைத்திருக்கிறது. நெரிசல் குறைந்ததில் பைக்குகள் இப்போது கீழேயும் பறக்கின்றன என்பதையும் அவரே சொல்கிறார், ரோட்டைக் கடக்க முன்பைவிடப் பயமாம். நாயுடு குடும்பத்துக் கார் மியூசியமும் இதே அவிநாசி ரோட்டில்தான் இருக்கிறது, கீழே போனால்தான் கண்ணில் படும்.

மற்ற பாலங்களோடு ஒப்பிடச் சொன்னால், திருச்சி ரோடு பாலத்தைவிட இது நூறு மடங்கு மேல். 2022இல் திறந்த அந்த ராமநாதபுரம் - சுங்கம் (ரெண்டும் கோயம்புத்தூருக்குள் இருக்கிற இடங்கள்) பாலத்தின் வளைவில் எத்தனை பைக்காரர்கள் விழுந்தார்கள் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசையும், அப்புறம்தான் வேகத்தடை, உருளைத் தடுப்பு எல்லாம் வந்தது. இங்கே அந்த மாதிரி வளைவு இல்லை, நீட்டாகப் போகிறது. காந்திபுரம் பாலத்தைப் பற்றி எழுதினால் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம். உக்கடம் பாலம் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை, பொள்ளாச்சிப் பக்கம் ஒறம்பரை (சொந்தக்காரர்) வீட்டுக்குப் போகும்போது மட்டும்தான்.

பைக்கில் ரெண்டு தடவை போனேன். காற்று பலமாக இருந்த ஒரு நாள் பக்கவாட்டில் தள்ளியது, ஸ்கூட்டரில் பின்னால் ஆள் வைத்துக்கொண்டு வலது ஓரம் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மேலே வண்டி நின்றுவிட்டால் கஷ்டம்தான். என் மச்சானின் பழைய ஆம்னி ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் இல்லாமல் நின்றது (முள் வேலை செய்யாத வண்டி, அதில் பாலத்தின் தப்பு ஒன்றுமில்லை), ஓரமாக நிறுத்தி இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, குடும்பத்தையே தடுப்புச் சுவர் ஓரம் நிற்க வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தான். ஏறுவதற்கு முன் பெட்ரோலைப் பாருங்கள், டயரைப் பாருங்கள். செல்ஃபிக்காக நிறுத்துகிறவர்கள் முதல் வாரத்தில் வரிசையாக நின்றார்கள், இப்போது குறைந்துவிட்டது, அடியோடு போகவில்லை.

மார்க் என்று கேட்டால் மேலே ஓட்டுவதற்கு அஞ்சுக்கு நாலரை. உப்பிலிபாளையம் முனைக்கு மூணு. கோல்டுவின்ஸ் இறக்கத்துக்கு சாயங்காலத்தில் ரெண்டு, காலையில் மூணரை. வெளியூர்க்காரர் சேலம் பக்கமிருந்து வந்து ரயில் நிலையத்துக்குப் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் ஏறுங்கள். பீளமேடு, நவஇந்தியாப் பக்கம் வேலை என்றால், சாய்தளம் எங்கே என்று உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்காமல் ஏறாதீர்கள். வெள்ளெனே ஆறு மணிக்கு என்றால் கீழேயும் காலியாகத்தான் இருக்கும், மேலே ஏற வேண்டிய அவசியமே இல்லை.

அன்றைக்குக் கண்ணில் சொட்டு மருந்து போட்டு, எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டே அப்புச்சி வண்டியில் ஏறினார். "மறுக்கா மேல போவாத கண்ணு, கீழயே போ, ஊரையாவது பாக்கலாம்" என்றார். கண் தெரியாதவருக்கு எந்த ஊர் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கீழேயே போனோம். சின்னியம்பாளையம் வருவதற்குள் டீ குடிக்க வேண்டும் என்றார், வழியில் ஒரு பேக்கரியில் நிறுத்தினேன். ரெண்டு டீ, ரெண்டு தேங்காய் பன். கல்லாவில் இருந்தவரிடம் வியாபாரம் எப்படிங்க என்றேன். "முன்னெல்லாம் டிராபிக்ல நின்னு நின்னு வெறுத்துப்போயி ஒரு டீயக் குடிக்கலாம்னு எறங்குவாங்க. இப்ப மேலயே போயிடறாங்களுங்களே" என்றார். சொல்லிவிட்டு, வெளியே நின்ற என் வண்டியைப் பார்த்து, "நீங்களும் தினம் மேலதானுங்க?" என்றார். ஆமாங்க என்றேன். அப்புச்சி பன்னை டீயில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மாசி மாசத்தில் அவருக்கு மறுபடி செக்கப் இருக்கிறது. எட்டு மணிக்கே கிளம்பிக் கீழேயே போவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.